செஞ்சிக் கோட்டையின் காலி கஜானா

செஞ்சிக் கோட்டையைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாரிடம் பேச்செடுத்தாலும் இரண்டு விஷயங்கள் கட்டாயம் வந்துவிடும். ஒன்று தேசிங்கு ராஜாவின் குதிரை. இன்னொன்று புதையல். மேல்மலையனூருக்கு அமாவாசைக்கு வந்து அங்காளம்மனைக் கும்பிட்டுவிட்டு, அப்படியே செஞ்சியில் இறங்கிக் கோட்டையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். அவர்களும் ராஜகிரி மலையை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்பது இதைத்தான்: "அந்தக் காலத்து ராஜாக்கள் தங்கத்தையெல்லாம் இங்கேதானே புதைச்சு வெச்சிருப்பாங்க?"

புதையலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் செஞ்சி ஒரு பெரிய அரசின் தலைநகராக இருந்த எட்டு வருஷங்களில் அதன் கஜானா எப்படி இருந்தது என்பதற்கு நல்ல ஆதாரங்கள் உண்டு. அநேகமாக அது காலியாகவே கிடந்தது. அந்தக் காலிப் பெட்டியால் இந்திய சரித்திரத்தில் நடந்த மாற்றங்கள், நிரம்பி வழிந்த பல கஜானாக்களால் நடந்ததைவிடப் பெரியவை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். ஒரு நாட்டின் பொக்கிஷதார் என்றால் யார்? பணத்தைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் என்றுதான் நமக்குத் தோன்றும். பண்டாரம், பொக்கிஷம், கஜானா, கருவூலம் என்று தமிழில் இதற்கு எத்தனையோ பெயர்கள். பூட்டு போடுவது அந்த வேலையில் சுலபமான பகுதி. கஷ்டமான பகுதி இரண்டு. கேட்கிறவர் ராஜாவாகவே இருந்தாலும் "பணம் இல்லை" என்று சொல்வது ஒன்று. யாராக இருந்தாலும் "கணக்கு எங்கே?" என்று கேட்பது இன்னொன்று. தமிழ்நாட்டில் இதை விளக்கவே வேண்டியதில்லை. 1972 அக்டோபரில் தி.மு.க.வின் பொருளாளராக இருந்த எம்.ஜி.ஆர். கணக்குக் கேட்டார். அந்த மாதமே கட்சியை விட்டு வெளியேற்றப்பட்டு, அந்த மாதமே புதுக் கட்சியும் தொடங்கிவிட்டார். பொருளாளர் என்ற பதவிக்குள் எவ்வளவு மருந்து அடைத்திருக்கிறது என்பதற்கு இது போதும்.

பழைய ஆட்கள் இந்த ஆபத்தை நன்றாகவே புரிந்துவைத்திருந்தார்கள். அர்த்தசாஸ்திரத்தில் வரியை வசூலிக்கிறவர் ஒருவர், அவருக்கு சமாஹர்த்தா என்று பெயர். வசூலானதை வாங்கிப் பாதுகாக்கிறவர் இன்னொருவர், அவர் சந்நிதாதா. கணக்கு எழுதும் அலுவலகம் தனி. அரசாங்கப் பணத்தைக் கையாடுவதற்கு நாற்பது வழிகள் உண்டு என்றும் அதே நூல் எண்ணிச் சொல்கிறது (எழுதியவருக்கு நல்ல அனுபவம் இருந்திருக்க வேண்டும்!). நம் பக்கத்தில் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள். பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டியது. குடவோலைக்காக எல்லோரும் அதைக் கொண்டாடுகிறோம். அதில் எனக்குப் பிடித்தது வேறு ஒரு விதி. ஏதாவது ஒரு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்க முடியாது. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்க முடியாது. இன்றைக்கு இந்த விதியைக் கொண்டுவந்தால் எத்தனை தொகுதிகளில் ஆள் கிடைப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

எங்கள் ஊர்க் கோயிலில் உண்டியல் திறக்கிற நாளிலும் இதே ஏற்பாடுதான். சீல் வைத்த உண்டியலை ஒருவர் தனியாகத் திறந்துவிட முடியாது. அறநிலையத் துறை அதிகாரிகள் முன்னிலையில், நாலு பேர் பார்க்க, கொட்டி எண்ணுவார்கள். யாரும் திருடர் என்று அர்த்தமில்லை. ஒரே கையில் விடக்கூடாது, அவ்வளவுதான்.

சரி, செஞ்சிக்கு வருவோம்.

1677-இல் சிவாஜி விஜாபூர்க்காரர்களிடமிருந்து செஞ்சியைப் பிடித்தார். மூன்று வருஷங்களுக்கு முன்புதான், 1674-இல், ராய்கட்டில் முடிசூட்டிக்கொண்டிருந்தார். எட்டு மந்திரிகள் கொண்ட அஷ்டபிரதான் சபையில் நிதியைப் பார்த்தவர் அமாத்தியர். அதற்கு முன்னால் அந்தப் பதவிக்குப் பாரசீக வழியில் மஜும்தார் என்று பெயர். சிவாஜியின் தெற்குப் படையெடுப்பில் முக்கியப் பங்கு வகித்து, பிறகு இந்தப் பக்கத்து நிர்வாகத்தைக் கவனித்த ரகுநாத் நாராயண் ஹனுமந்தே கணக்கு வழக்கில் ஊறிய மனிதர். பாரசீக அலுவல் சொற்களுக்கெல்லாம் சமஸ்கிருதச் சொல் தரும் 'ராஜவியவஹார கோசம்' என்ற அகராதி அவர் மேற்பார்வையில்தான் தொகுக்கப்பட்டது. ஆட்சிச்சொல் அகராதி என்பது ஏதோ சுதந்திரத்துக்குப் பிறகு வந்த புதுமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முந்நூறு வருஷம் முன்பே போட்டிருக்கிறார்கள்.

சிவாஜியின் கோட்டைகளில் ஒரே ஆளிடம் எல்லாவற்றையும் ஒப்படைப்பதில்லை. ஹவல்தார் கோட்டைக்குப் பொறுப்பு, கதவுச் சாவிகள் அவரிடம். சர்நௌபத் காவல் படையைப் பார்ப்பார். சப்னிஸ் ஆள்கணக்கும் வரவுசெலவும் எழுதுவார். தானியம், மருந்து, தளவாடம் எல்லாம் கார்கானிஸ் கையில். இவர்கள் ஒரே சாதியாகக்கூட இல்லாதபடி பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் கோட்டையை எதிரிக்கு விற்க நினைத்தாலும் மற்றவர்கள் சேராமல் நடக்காது. செஞ்சியில் இன்றும் நிற்கிற பிரமாண்டமான களஞ்சியங்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கார்கானிஸ் ஞாபகம்தான் வரும். அவை மராத்தியர் ஒருவரே கட்டியவை அல்ல, நாயக்கர் காலத்திலிருந்து வருபவை. ஆனால் முற்றுகை நடக்கிற கோட்டையில் தங்கத்தைவிட நெல்தான் பெரிய பொக்கிஷம் என்பதை அந்தச் சுவர்களின் கனம் சொல்லிவிடும்.

சிவாஜி செய்த இன்னொரு ஏற்பாடு இந்தக் கதைக்கு உயிர்நாடி. அந்தக் காலத்து அரசுகளில் படைத் தலைவர்களுக்குச் சம்பளமாக ஊர்களை எழுதிக் கொடுத்துவிடுவது வழக்கம். "இந்தப் பத்து ஊர் வரி உனக்கு, அதில் இத்தனை குதிரை வைத்துக்கொள்" என்பது கணக்கு. அரசனுக்கு வேலை மிச்சம். ஆனால் நாளடைவில் அந்தப் பத்து ஊரும் அந்தத் தலைவனுக்கே சொந்தமாகிவிடும். அவன் மகன் இன்னும் அழுத்தமாக உட்கார்ந்துகொள்வான். சிவாஜி இதை முடிந்தவரை ஒழித்தார். வரி கஜானாவுக்கு வரவேண்டும், சம்பளம் கஜானாவிலிருந்து ரொக்கமாகப் போகவேண்டும் என்றார். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் இதில்தான் ஓர் அரசு நிற்கிறது. சம்பளம் எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் விசுவாசமும் இருக்கும்.

சிவாஜி 1680-இல் இறந்தார். மகன் சம்பாஜியை 1689 மார்ச்சில் ஔரங்கசீப் பிடித்துக் கொன்றார். அதே வருஷ இறுதிக்குள் தலைநகர் ராய்கட்டும் விழுந்தது. சம்பாஜியின் மனைவி யேசுபாயும் சிறுவன் ஷாஹுவும் மொகலாயர் கையில். சிவாஜியின் இளைய மகன் ராஜாராம் மாறுவேஷத்தில் தப்பி, மைசூர்ப் பகுதிகளைக் கடந்து, வேலூர் வழியாகச் செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். வயது இருபதுகூட ஆகவில்லை.

வந்த இடத்திலும் முதல் பிரச்சினை கஜானாதான். செஞ்சியை அதுவரை ஆண்டுவந்தவர் ஹர்ஜி மகாதிக், சிவாஜியின் மருமகன். ராஜாராம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அவர் இறந்துவிட்டார். அவர் மனைவி அம்பிகாபாய், அதாவது ராஜாராமுக்கே அக்கா முறை, கோட்டையையும் அங்கே சேர்த்துவைத்திருந்த பணத்தையும் உடனே ஒப்படைக்கத் தயாராக இல்லை. கடைசியில் விட்டுக்கொடுத்தார். கணவர் காலத்துக் கணக்கை ஒப்பிக்கும்படியும் ஆயிற்று. அக்கா தம்பியே ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். இங்கே கஜானா சாவியும் வேறு.

செஞ்சியில் புது அரசவை அமைந்தது. எட்டு மந்திரிகளும் மறுபடி நியமிக்கப்பட்டார்கள். அமாத்தியர் பதவி ரகுநாத் நாராயணின் மகன் ஜனார்தன் பந்த் ஹனுமந்தேவுக்கு. அவர்களுக்கெல்லாம் மேலே 'பிரதிநிதி' என்று ஒரு புதுப் பதவியை உண்டாக்கிப் பிரஹ்லாத் நிராஜிக்குக் கொடுத்தார்கள். காகிதத்தில் பார்த்தால் குறையே இல்லாத அரசாங்கம். நம் செஞ்சியில் ஒரு நிதி அமைச்சகம்! ஆனால் வரி வரவேண்டிய நாடு ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், பாதி ஔரங்கசீப் கையில். அங்கே மிச்சமிருந்ததைக் கட்டிக் காத்தவர் சிவாஜி காலத்து அமாத்தியரான ராமச்சந்திர பந்த். அவருக்கு 'ஹுகுமத்பனா' என்ற பட்டம் கொடுத்து, ராஜாவின் அதிகாரத்தையே கையில் தந்துவிட்டுத்தான் ராஜாராம் தெற்கே வந்திருந்தார். ஆக, அமாத்தியர் என்ற பெயர் செஞ்சியில், அந்த வேலையை நிஜமாகச் செய்துகொண்டிருந்தவர் மகாராஷ்டிரத்தில்.

1690-இல் சுல்ஃபிகார் கான் மொகலாயப் படையோடு வந்து செஞ்சியைச் சூழ்ந்தார். படைக்குச் சம்பளம் வேண்டும், மருந்து வேண்டும், அரிசி வேண்டும். பணத்துக்கு என்ன செய்வது?

கையில் இருப்பதை விற்பது ஒரு வழி. கடலூர்ப் பக்கம் தேவனாம்பட்டினத்தில் மராத்தியர் வசம் ஒரு கோட்டை இருந்தது. ஆங்கிலேயக் கம்பெனி அதன்மேல் பல நாளாகக் கண் வைத்திருந்தது. 1690-இல் விலை படிந்தது. சென்னைக் கவர்னர் எலிஹு யேல் (ஆமாம், அமெரிக்காவில் பல்கலைக்கழகத்துக்குப் பேர் கொடுத்த அதே யேல்தான்) அதற்கு செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார். விற்பனை நிபந்தனைதான் வேடிக்கை. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை உள்ள ஊர்களெல்லாம் கம்பெனிக்குச் சேரும். சும்மா இருப்பார்களா ஆங்கிலேயர்கள்? சென்னையிலிருந்து நல்ல பீரங்கியாகப் பார்த்து அனுப்பினார்கள். எல்லாப் பக்கமும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் வந்த ஊர்களுக்கு 'குண்டு கிராமம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. கடலூர் நகரமும் அந்த எல்லைக்குள் அடங்கிப்போயிற்று. பிற்பாடு 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது கம்பெனியின் தென்னாட்டுத் தலைமையிடமாக நின்றது இந்தக் கோட்டைதான். செஞ்சி கஜானாவின் அவசரத்துக்கு விற்ற ஓர் இடம் அரை நூற்றாண்டு கழித்துக் கம்பெனியின் உயிரைக் காப்பாற்றியது.

இரண்டாவது வழி இன்னும் விபரீதமானது. ஔரங்கசீப் மராத்தியத் தலைவர்களுக்கு ஜாகீர் தருகிறேன் என்று ஆசை காட்டி ஒவ்வொருவராக இழுத்துக்கொண்டிருந்தார். அவர்களைத் தக்கவைக்க ராஜாராமிடம் ரொக்கம் இல்லை. இருந்தது காகிதமும் முத்திரையும். எந்த வழக்கத்தைத் தன் அப்பா ஒழித்தாரோ அதையே அவர் திரும்பக் கொண்டுவந்தார். "நீ போய் எந்தப் பகுதியைப் பிடிக்கிறாயோ அதன் வருமானத்தில் பங்கு உனக்கு" என்று செஞ்சியிலிருந்து கடிதங்கள் பறந்தன. இதற்கு சரஞ்சாம் என்று பெயர். 1691-இல் கோர்ப்படே குடும்பத்துத் தலைவர்களுக்குப் போன கடிதம் ஒன்று சரித்திர ஆய்வாளர்களிடையே பிரபலம். ராய்கட்டைப் பிடித்தால் இவ்வளவு, விஜாபூரைப் பிடித்தால் இவ்வளவு, பாகாநகரைப் பிடித்தால் இவ்வளவு, ஔரங்காபாத்தைப் பிடித்தால் இவ்வளவு என்று ஹொன் கணக்கில் அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் டெல்லியைப் பிடித்தால் எவ்வளவு என்பதையும் எழுதியிருக்கிறார்கள்.

கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். வெளியே மொகலாயப் பீரங்கி முழங்குகிறது. உள்ளே இருபது வயது ராஜா, காலி கஜானா. அவர் உட்கார்ந்து டெல்லியின் வருமானத்தைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். பின்தேதியிட்ட செக் என்று நாம் சொல்வோமே, அதில்கூட வங்கி ஒன்று இருக்கும். இங்கே வங்கியே எதிரியிடம் இருந்தது!

ஆனால் அந்தச் செக் செல்லுபடியாகிவிட்டது என்பதுதான் ஆச்சரியம். சந்தாஜி கோர்ப்படேயும் தனாஜி ஜாதவும் மொகலாயப் படைகளைத் தக்காணம் முழுக்க ஓட ஓட விரட்டினார்கள். செஞ்சியையே முற்றுகையிட்டிருந்த மொகலாயர் 1693 தொடக்கத்தில் முற்றுகையைக் கைவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்க வேண்டியதாயிற்று. அவர்கள் முகாமிலும் சம்பள பாக்கி, தானியத் தட்டுப்பாடு, உட்பூசல். ஔரங்கசீப்பின் மகன் காம்பக்ஷையே அவர்கள் காவலில் வைத்த கூத்தும் அப்போதுதான் நடந்தது. இந்தியாவின் மிகப் பெரிய கஜானாவும் மிகச் சிறிய கஜானாவும் செஞ்சி மலையடிவாரத்தில் ஒரே நேரத்தில் வறண்டு நின்றன என்று சொல்லலாம். முற்றுகை மறுபடி தொடங்கி, 1697 இறுதியில் ராஜாராம் தப்பிப் போன பிறகுதான், 1698 தொடக்கத்தில் கோட்டை மொகலாயர் வசமானது.

இந்த முற்றுகைக் காலத்தில் செஞ்சியில் ஒரு புத்தகம் எழுதப்பட்டது. எழுதியவர் கிருஷ்ணாஜி அனந்த் சபாசத், சிவாஜியிடமும் வேலை பார்த்த பெரியவர். "என் அப்பாவின் கதையை எழுதிக் கொடுங்கள்" என்று ராஜாராம் கேட்டதன்பேரில் எழுதியது. 'சபாசத் பகர்' என்று பெயர். சிவாஜி பற்றிய மிகப் பழைய மராத்தி உரைநடை வரலாறுகளில் ஒன்று. அதன் கடைசிப் பகுதியில் சிவாஜி இறந்தபோது கஜானாவில் என்னென்ன இருந்தன என்று ஒரு நீண்ட பட்டியல் வருகிறது. சிவராயி, தேவராயி, அச்சுதராயி என்று வகைவகையான பொற்காசுகள். நம் காவேரிப்பாக்கத்தின் பெயரில் வழங்கிய காசுகூட அதில் உண்டு. பிறகு வெள்ளி, ரத்தினம், துணிமணி, தானியம், எண்ணெய், மசாலாச் சாமான், குதிரை, யானை, அடிமைகள் வரை. காலிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நிரம்பியிருந்த பெட்டியின் கணக்கை ஒரு கிழவர் நினைவிலிருந்து ஒப்பிக்கிறார், மகன் கேட்டுக்கொண்டிருக்கிறான். செஞ்சியைப் பற்றி நான் படித்ததில் என்னை மிகவும் உலுக்கியது தேசிங்கின் சாவு அல்ல, இந்தப் பட்டியல்தான்.

சரஞ்சாம் கடிதங்களின் விலையை அடுத்த தலைமுறை கொடுத்தது. பிடித்தவனுக்கே நிலம் என்றான பிறகு, மராத்திய அரசு ஒரே கஜானாவுக்குள் மறுபடி வரவே இல்லை. பின்னாளில் பரோடா, குவாலியர், இந்தூர், நாக்பூர் என்று தனித்தனி வீடுகளாக வளர்ந்து, ஆளுக்கு ஒரு பெட்டி, ஆளுக்கு ஒரு படை. பிரிட்டிஷார் அவர்களை ஒவ்வொருவராகச் சமாளிக்க முடிந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். இதற்காக ராஜாராமைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்தக் கடிதங்கள் போகாமல் இருந்திருந்தால் 1690-களிலேயே எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் ராமச்சந்திர பந்த் அமாத்தியர் இந்த நஷ்டத்தைக் கணக்கில் எழுதிவைத்துக்கொண்டார் என்றே நினைக்கிறேன். அவர் பெயரில் வழங்கும், 1716 வாக்கில் எழுதிய 'ஆக்ஞாபத்ரம்' என்ற ஆட்சி நூலில், ஊழியம் செய்தவர்களுக்கு நிலத்தை இனாமாக எழுதிக் கொடுக்காதே, கொடுக்கக் கொடுக்க அரசு குறைந்துகொண்டே போகும் என்ற கருத்து அழுத்தமாக வருகிறது. சாஹுகார்களை, அதாவது பணம் புரட்டும் வணிகர்களை, மரியாதையாக நடத்து, ஆபத்தில் வேண்டிய பொருள் அவர்களிடம்தான் கிடைக்கும் என்கிறது. தொப்பிக்காரர்களுக்குக் கடற்கரையில் கோட்டை கட்ட இடம் கொடுக்காதே என்றும் எச்சரிக்கிறது. தேவனாம்பட்டினத்தை விற்ற அரசின் பழைய அமாத்தியர் எழுதியது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த வரியைப் படிக்க வேண்டும்.

இப்போது தேசிங்கு. பாட்டில் கேட்டால் குதிரை, காதல், நட்பு, வீரம். கணக்குப் புத்தகத்தில் பார்த்தால் பாக்கி. மொகலாயர் செஞ்சியைப் பிடித்த பிறகு பந்தேலா ராஜபுத்திரரான ஸ்வரூப் சிங் கோட்டைத் தலைவரானார். ஆற்காட்டுக்குக் கட்டவேண்டிய பணம் வருஷக்கணக்கில் நிலுவையாகச் சேர்ந்தது. 1714-இல் அவர் இறந்ததும் மகன் தேஜ் சிங், நம் தேசிங்கு, பதவி ஏற்றான். நவாப் சாதத்துல்லா கான் பாக்கியைக் கேட்டார். "என் தகப்பனுக்கு ஔரங்கசீப் பாதுஷாவே ஃபர்மான் கொடுத்திருக்கிறார்" என்பது தேசிங்கின் கட்சி. "பாதுஷா மாறினால் ஃபர்மானையும் புதுப்பிக்க வேண்டும்" என்பது நவாபின் கட்சி. தாலுகா ஆபீஸில் பட்டா மாற்றப் போனவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதாக இருக்காது. அது 1714 அக்டோபரில் போர்க்களத்தில் முடிந்தது. சில நூறு குதிரைவீரர்களோடு பெரும்படையை எதிர்த்து, இருபத்திரண்டு வயதில் தேசிங்கும், அவன் நண்பன் மகபத்கானும் தேவனூர்ப் பக்கம் நடந்த சண்டையில் செத்தார்கள். உடன்கட்டை ஏறிய தேசிங்கின் மனைவி நினைவாகத்தான் ராணிப்பேட்டை என்ற பெயர் என்பார்கள்.

சும்மா ஒரு தகவல். அதே 1714 அக்டோபரில் இங்கிலாந்தில் ஒரு பதவி முடிவுக்கு வந்தது. லார்ட் ஹை டிரஷரர், அதாவது அந்த நாட்டின் தலைமைப் பொக்கிஷதார். கடைசியாக அதில் இருந்த ஷ்ரூஸ்பரி பிரபு அந்த மாதம் விலகியதோடு அந்தப் பதவியில் தனி ஒருவரை நியமிப்பதே நின்றுபோயிற்று. பொறுப்பை ஒரு குழுவுக்குப் பிரித்துவிட்டார்கள். அந்தக் குழுவின் முதல் ஆள்தான் நாளடைவில் பிரதமர் ஆனார். லண்டன் டவுனிங் தெருவில் பிரதமர் வீட்டுக் கதவில் இன்றும் 'கருவூலத்தின் முதல் பிரபு' என்றுதான் பித்தளைத் தகட்டில் எழுதியிருக்கிறது. சாவியை ஒரே கையில் கொடுக்கக்கூடாது என்று சிவாஜியின் கோட்டை விதி சொன்னதைத்தான் அவர்களும் வேறு வழியில் வந்து பிடித்திருக்கிறார்கள்.

செஞ்சி 1750-இல் பிரெஞ்சுக்காரர்களிடமும், 1761-இல் ஆங்கிலேயரிடமும் போனது. அதன் பிறகு கோட்டைக்கு வேலை இல்லை, தாசில்தாருக்குத்தான் வேலை. 'தாசில்' என்ற அரபிச் சொல்லுக்கு வசூல் என்று பொருள். வசூலான பணம் தாலுகா கஜானாவுக்குப் போகும், அங்கிருந்து ஜில்லா கஜானா, அங்கிருந்து சென்னை. கஜானா அறைக்கு இரும்புக் கதவு, அதில் இரண்டு பூட்டு, இரண்டு சாவி. ஒன்று அதிகாரியிடம், மற்றொன்று பணம் எண்ணும் பொக்கிஷதாரிடம். இருவரும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும். வெளியே துப்பாக்கியோடு போலீஸ் காவல்.

மேல்மட்டத்தில், 1857 கலகத்தை அடக்கிய செலவில் கஜானா திண்டாடியபோது, லண்டனிலிருந்து ஜேம்ஸ் வில்சனை நிதி உறுப்பினராக அனுப்பினார்கள். 1860-இல் அவர் கொடுத்ததுதான் இந்தியாவின் முதல் பட்ஜெட். வருமான வரியும் அதில்தான் வந்தது. எதிர்த்தவர் யார் தெரியுமா? சென்னை கவர்னர் சார்லஸ் டிரெவெல்யன். செலவைக் குறைத்தாலே போதும், இந்த வரி வேண்டாம் என்று எழுதி, அதைப் பத்திரிகைகளிலும் வெளியிட்டுவிட்டார். உடனே பதவி போயிற்று. வில்சனும் அந்த ஆகஸ்டிலேயே கல்கத்தாவில் இறந்துபோனார். இரண்டு மூன்று வருஷத்தில் அதே நிதி உறுப்பினர் நாற்காலியில் யார் வந்து உட்கார்ந்தார் என்றால், அதே டிரெவெல்யன்!

இன்றைக்கு இந்தியாவில் 'தேசியப் பொக்கிஷதார்' என்று ஒரே ஆள் கிடையாது. அந்த வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துவைத்திருக்கிறார்கள். எவ்வளவு செலவு என்று முன்மொழிபவர் நிதி அமைச்சர். சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26-இல் கொடுத்தவர் நம் கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். அனுமதி கொடுப்பது நாடாளுமன்றம். அரசாங்கத்துக்கு வங்கியாக இருந்து பணத்தை வைத்திருப்பது 1935-இல் தொடங்கிய ரிசர்வ் வங்கி. நடந்து முடிந்ததற்கு "கணக்கு எங்கே?" என்று கேட்பது தலைமைக் கணக்குத் தணிக்கையாளர். ரூபாய் நோட்டில் ரிசர்வ் வங்கி கவர்னர் கையெழுத்து இருக்கும். ஆனால் ஒரு ரூபாய் நோட்டில் மட்டும் நிதித்துறைச் செயலாளரின் கையெழுத்து, ஏனென்றால் அது அரசாங்கமே வெளியிடுவது. பழைய ஒரு ரூபாய் நோட்டு கிடைத்தால் பாருங்கள்.

2025 ஜூலையில் 'மராத்திய ராணுவ நிலவமைப்புகள்' என்ற பெயரில் யுனெஸ்கோ பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்றே ஒன்று தமிழ்நாட்டில், நம் செஞ்சி. அதற்குப் பிறகு ராஜகிரி ஏற வருகிறவர்களிடம் புதையல் பேச்சு குறையவில்லை என்றுதான் கேள்வி. கோட்டையில் இன்று தினமும் பணம் விழுகிற இடம் ஒன்றே ஒன்றுதான், தொல்லியல் துறையின் டிக்கெட் கவுண்டர். அங்கே நாம் கொடுக்கும் ரூபாய் செஞ்சியில் தங்குவதில்லை. நேராக இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போய்விடும். கோட்டைச் சுவரில் பெயர்ந்த ஒரு கல்லை எடுத்து வைக்கவேண்டும் என்றாலும் டெல்லியில் ஒதுக்கீடு ஆகித்தான் அந்தப் பணம் திரும்பி வரவேண்டும். ராஜாராம் கடிதம் எழுதிப் பிரித்துக் கொடுத்தாரே, அதே டெல்லி.